ஒரு நாள் கூட்டம், பத்து வருடப் பதிவேடு: ஸ்காடஸ்பிளாக் வளர்ந்த விதம்

வலைப்பதிவை வளர்ப்பது எப்படி என்று எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை தலைப்பு வைப்பது, கூகுளில் மேலே வருவது, வாரத்துக்கு எத்தனை பதிவு போடுவது என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்த, ஒரு முக்கியமான காலையில் வெள்ளை மாளிகையே நம்பிப் பார்த்த ஒரு வலைப்பதிவைப் பிரித்துப் பார்த்தால், இந்த உத்திகள் அங்கே பெரிதாக வேலை செய்ததாகத் தெரியவில்லை. நான் சொல்வது ஸ்காடஸ்பிளாக். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைப் பற்றி மட்டும் எழுதும் தளம். அரசியல் இல்லை, கீழ் நீதிமன்றச் செய்திகள் இல்லை, பரபரப்பான கொலை வழக்குகள் இல்லை. ஒன்பது நீதிபதிகள், அவர்கள் முன் வரும் வழக்குகள், அவ்வளவுதான்.

இவ்வளவு குறுகலான விஷயத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய வாசகர் கூட்டம் எப்படி வந்தது, அதற்கு யார் பணம் கொடுத்தார்கள், அந்தப் பணத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன்.

வீட்டிலிருந்து ஒரு வக்கீல் ஆபீஸ்

டாம் கோல்ட்ஸ்டீன், ஏமி ஹோ இருவரும் கணவன் மனைவி, இருவரும் வழக்கறிஞர்கள். வாஷிங்டனில் வீட்டிலிருந்தே ஒரு சின்ன சட்ட நிறுவனம் நடத்தினார்கள், உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு மட்டும். அந்த ஊரில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் என்றாலே ஹார்வர்டு, யேல், நீதிபதி ஒருவரிடம் உதவியாளராக வேலை பார்த்த அனுபவம், பெரிய நிறுவனத்தின் பெயர்ப்பலகை என்று ஒரு வரிசை உண்டு. கோல்ட்ஸ்டீனுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. அவர் படித்தது வாஷிங்டனிலேயே உள்ள அமெரிக்கன் யுனிவர்சிட்டி சட்டக் கல்லூரியில்.

அதனால் அவர் வேறு வழி பிடித்தார். ஒரே சட்டக் கேள்விக்கு இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எதிரெதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அந்த விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வாய்ப்பு அதிகம். நாடு முழுக்க அப்படிப்பட்ட வழக்குகளைத் தேடிப் பிடித்து, தோற்ற தரப்பு வக்கீலுக்கு அவரே போன் போட்டு, உச்ச நீதிமன்றத்துக்கு இதை நான் எடுத்துப் போகிறேன், காசு வேண்டாம் என்பார். பெரிய இடத்து வக்கீல்கள் முகம் சுளித்தார்கள், ஆள் பிடிக்கிற வேலை என்று சொன்னார்கள். கொஞ்ச வருடத்தில் அவர்களும் அதையே செய்ய ஆரம்பித்தார்கள் என்பது வேறு கதை. கோல்ட்ஸ்டீன் பின்னாளில் அதே நீதிமன்றத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் வாதாடினார்.

இந்தப் பழக்கத்தை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. எந்த வழக்கு எங்கே நிற்கிறது, எந்த மனு எப்போது நீதிபதிகள் முன் வரும் என்று அவர்கள் தினமும் தொழிலுக்காகவே குறித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். 2002 அக்டோபர் 1 அன்று வலைப்பதிவைத் தொடங்கியபோது அவர்கள் புதிதாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை, மேசையில் ஏற்கெனவே கிடந்த குறிப்புகளை வெளியே வைத்தார்கள். எழுத விஷயம் கிடைக்கவில்லை என்று மூன்றாம் மாதத்திலேயே தடுமாறி நிற்கும் வலைப்பதிவுகளுக்கும் இதற்கும் அடிப்படை வித்தியாசம் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தொடங்கியது நீதிமன்றத்தின் புது ஆண்டு பிறக்கச் சில நாள் முன்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஆண்டு, அக்டோபர் முதல் திங்கட்கிழமை தொடங்கி ஜூன் கடைசியில் முடியும்.

நோக்கத்தையும் நேராகவே சொல்லிவிடலாம். நிறுவனத்துக்குப் பெயர் கிடைக்கும், வழக்குக் கொண்டுவரும் கட்சிக்காரர்கள் வருவார்கள் என்பதுதான். பெயர் கிடைத்தது. கட்சிக்காரர்கள் அந்த வழியாகக் கொட்டவில்லை. யோசித்தால் காரணம் எளிது, இந்தத் தளத்தைத் தினமும் படித்தவர்கள் நிருபர்கள், சட்ட மாணவர்கள், பேராசிரியர்கள், மற்ற வக்கீல்கள். இவர்களில் யாரும் வக்கீல் தேடி அலைபவர்கள் இல்லை. சாதாரணமாக இந்த இடத்தில் ஒரு நிறுவனம் வலைப்பதிவை மூடிவிடும், அல்லது ஒவ்வொரு பதிவின் கீழும் தொடர்புகொள்ள வேண்டிய எண்ணைப் போட்டு வாசகரை விரட்டிவிடும். இவர்கள் வந்த வாசகருக்கு ஏற்றபடி தளத்தை மாற்றிக்கொண்டார்கள், விளம்பர வாடையைக் குறைத்துச் செய்தித் தளமாக்கினார்கள்.

யாரும் சேர்த்து வைக்காத காகிதங்கள்

அந்தக் காலத்தில் அந்த நீதிமன்றத்துக்கு வருடத்தில் ஏழெட்டாயிரம் மனுக்கள் வந்தன. எழுபது எண்பது வழக்குகளைத்தான் முழு விசாரணைக்கு எடுப்பார்கள், இப்போது இரண்டுமே குறைவு. விசாரணையில் கேமரா கிடையாது. அந்தக் காலத்தில் நேரடி ஒலிபரப்பும் கிடையாது. தீர்ப்பு வரும் தேதியை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், இன்ன நாட்களில் தீர்ப்புகள் வரும் என்பது மட்டும் தெரியும், எந்தத் தீர்ப்பு என்பது நீதிபதி வாசிக்கும்போதுதான் தெரியும். மனுக்களையும் எழுத்துமூல வாதங்களையும் மின்வடிவில் தாக்கல் செய்து எல்லோரும் பார்க்கும்படி நீதிமன்றமே தன் தளத்தில் போட ஆரம்பித்தது 2017 நவம்பரில்தான்.

அதாவது பதினைந்து வருடம், நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்தின் காகிதங்களை ஒழுங்காக ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் சாதாரண ஆளுக்கு வழி இல்லை. ஸ்காடஸ்பிளாக் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. விசாரணைக்கு எடுக்கப்பட்ட ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு தனிப் பக்கம். வழக்கு எண், நீதிமன்றம் பதில் சொல்லப்போகும் கேள்வி, கீழ் நீதிமன்றத் தீர்ப்பு, மனு, எதிர்மனு, வெளியார் தாக்கல் செய்த கருத்துரைகள், விசாரணைத் தேதி, விசாரணையின் எழுத்து வடிவம், கடைசியில் தீர்ப்பு. அந்த வழக்கைப் பற்றித் தளத்தில் வந்த எல்லாப் பதிவுகளும் அதே பக்கத்தின் கீழே வரிசையாக நிற்கும்.

எழுதும் முறையும் வழக்கின் நடையை ஒட்டியே இருந்தது. விசாரணைக்கு முன் ஒரு அறிமுகம், விசாரணை முடிந்ததும் என்ன நடந்தது என்று ஒரு பதிவு, தீர்ப்பு வந்ததும் ஒரு அலசல். ஒரு வழக்குக்குக் குறைந்தது மூன்று பதிவு, மாதக்கணக்கான இடைவெளியில். இதில் பிரபலமான வழக்கு, யாரும் சீண்டாத வழக்கு என்ற பாகுபாடு கிடையாது. வரிச் சட்டத்தில் ஒரு உட்பிரிவுக்கு என்ன அர்த்தம் என்று அடித்துக்கொள்ளும் வழக்குக்கும் அறிமுகப் பதிவு உண்டு. நூறு பேர்கூடப் படித்திருக்க மாட்டார்களோ என்று தோன்றும் பதிவுகள் அங்கே ஏராளம்.

அதுதான் கணக்கே என்று நினைக்கிறேன். எந்த வழக்கு நாளைக்கு நாட்டையே உலுக்கும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. எல்லா வழக்குக்கும் பக்கம் வைத்திருப்பவரிடம் அந்த வழக்குக்கும் பக்கம் இருக்கும், அதுவும் மற்றவர்கள் எழுத ஆரம்பிப்பதற்கு மாதங்கள் முன்பிருந்தே. பத்திரிகைக்காரர் செய்தி எழுதும்போது மனுவுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும், பேராசிரியர் பாடத்துக்கு ஒரு ஆவணம் சுட்ட வேண்டும், அவர்கள் எங்கே போவார்கள்? தேடுபொறியில் மேலே வரத் தனியாக மெனக்கெட வேண்டிய அவசியமே அப்புறம் இல்லாமல் போகிறது.

இதே மாதிரி இடைவெளி நம் நாட்டிலும் இருந்தது. தீர்ப்புகளை இலவசமாகத் தேட ஒரு ஒழுங்கான வழி இல்லாத காலத்தில், 2008இல் சுஷாந்த் சின்ஹா தொடங்கிய இந்தியன் கானூன் அந்த இடத்தை நிரப்பியது. அது தேடல் தளம், வலைப்பதிவு இல்லை. ஆனால் அடிப்படை ஒன்றுதான், பொதுவில் இருக்க வேண்டிய காகிதம் பொதுவில் இல்லை என்றால் அதை ஒழுங்காக வைப்பவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். தமிழில் உள்ளாட்சித் தீர்மானம், நெல் கொள்முதல் அறிவிப்பு, பல்கலைக்கழகச் சுற்றறிக்கை என்று இப்படி யாரும் தொடாத காகிதங்கள் எவ்வளவோ கிடக்கின்றன. சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

காகிதம் மட்டும் போதாது, அதைப் படித்துச் சொல்லவும் ஆள் வேண்டும். ஏமி ஹோ எளிய ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதினார், சட்டம் படிக்காதவருக்காகவே. இந்த வழக்கில் சண்டை எதைப் பற்றி, யார் ஜெயித்தால் என்ன ஆகும் என்று. வக்கீல்களுக்கான தளம் என்ற நிலையிலிருந்து பொதுவாசகர் வரும் தளமாக மாறியதில் இதன் பங்கு பெரியது. நான் படித்தவரை, சட்டத்தை எளிமையாக்குகிறேன் என்று இறங்குபவர்கள் பாதிப் பேர் தப்பாக்கிவிடுவார்கள். ஏமி ஹோவின் பதிவுகளில் எளிமை இருக்கும், சட்டப் புள்ளி நழுவாது.

இன்னும் இரண்டு பழக்கங்கள். காலையில், உச்ச நீதிமன்றத்தைப் பற்றி வேறு எங்கே யார் எழுதியிருந்தாலும் அதற்கெல்லாம் இணைப்புத் தரும் ஒரு தொகுப்பு, போட்டிப் பத்திரிகைகள் உட்பட. ஆண்டு முடிவில் புள்ளிவிவரத் தொகுப்பு, எந்த நீதிபதி எவரோடு எத்தனை முறை ஒத்துப்போனார், ஐந்துக்கு நான்கு என்று பிரிந்த தீர்ப்புகள் எத்தனை, யார் எத்தனை தீர்ப்பு எழுதினார் என்று. ஜூன் கடைசியில் பத்திரிகைகளில் வரும் ஆண்டுக் கட்டுரைகள் பலவும் இந்த எண்களை எடுத்தாளும், ஸ்காடஸ்பிளாக் பெயரைப் போட்டு.

எழுபது வயது நிருபர்

2004இல் லைல் டென்னிஸ்டன் வந்து சேர்ந்தார். 1958 முதல் அந்த நீதிமன்றத்தைப் பற்றிச் செய்தி எழுதியவர், பால்டிமோர் சன், பாஸ்டன் குளோப் உள்ளிட்ட பத்திரிகைகளில் இருந்தவர். வலைப்பதிவு என்றாலே கல்லூரிப் பையன்கள் வேலை என்று நினைத்திருந்த காலத்தில், எழுபதைத் தாண்டிய ஒரு நிருபரை இவர்கள் பிடித்தார்கள். அவர் 2016 வரை அங்கே எழுதினார்.

இந்த ஒரு முடிவு தளத்தின் தரத்தையே மாற்றியது. வக்கீல்கள் எழுதும்போது ஏதோ ஒரு பக்கம் சாய்வார்கள், சாயாவிட்டாலும் சாய்கிறார்கள் என்ற சந்தேகம் இருக்கும். டென்னிஸ்டனுக்குக் கட்சிக்காரர் யாரும் கிடையாது. அதோடு, தீர்ப்புக் காகிதம் கையில் வந்த அடுத்த சில நிமிடங்களில் அதில் என்ன இருக்கிறது என்று பிடித்துவிடும் பழக்கம் அவருக்கு அரை நூற்றாண்டாக இருந்தது. அதன் மதிப்பு 2012இல் தெரிந்தது.

பணம்

வாசகரிடம் சந்தா வாங்கவில்லை. முதலில் தம்பதியின் சொந்த நிறுவனம் செலவைச் சுமந்தது. 2006இல் கோல்ட்ஸ்டீன் ஏகின் கம்ப் என்ற பெரிய சட்ட நிறுவனத்துக்குப் போனபோது தளமும் அந்தக் கூரைக்குக் கீழ் போனது. பிறகு அவர் வெளியே வந்து மறுபடி சொந்த நிறுவனம் தொடங்கினார். 2011இல் புளூம்பெர்க் லா தளத்தின் ஸ்பான்சராக வந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வலைப்பதிவில் சம்பாதிப்பது எப்படி என்ற பேச்சில் இந்த வழி வரவே வராது. சின்னச் சின்ன விளம்பரமாகச் சேர்த்தால் வருமானம் வாசகர் எண்ணிக்கையைப் பொறுத்தது. அப்படியென்றால் வரிச் சட்ட வழக்குக்குப் பதிவு போடுவது நஷ்டம், கருக்கலைப்பு வழக்கைப் பற்றி ஒரு நாளைக்கு நான்கு பதிவு போடுவது லாபம். ஒரே ஸ்பான்சர், அதுவும் சட்டத் தகவல் விற்கும் நிறுவனம் என்றால் அவர்களுக்குத் தேவை எண்ணிக்கை இல்லை, வக்கீல்கள் தினமும் வந்து போகிற இடத்தில் தங்கள் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான். அதனால் பத்துப் பேர் படிக்கும் பதிவையும் கூச்சமில்லாமல் போட முடிந்தது. முழுமைதான் அந்தத் தளத்தின் பலம், அந்த முழுமைக்கு இந்த வகைப் பணம்தான் ஒத்துவந்தது.

ஆபத்தும் சொல்ல வேண்டும். ஒரே ஸ்பான்சர் என்பது ஒரே தூணில் நிற்கும் கூரை. அவர்கள் மனம் மாறினால் அடுத்த மாதச் சம்பளம் கேள்விக்குறி. இந்தக் கட்டத்தில் தளத்தைத் தாங்கியது, எப்படியும் சொந்தப் பையில் கைவிட்டாவது நடத்துவேன் என்று இருந்த ஒரு உரிமையாளர். அதுவும் பலவீனம்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

2012 ஜூன் 28, காலை 10 மணி

ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற வழக்கு. மார்ச் மாதம் மூன்று நாள் விசாரணை நடந்தது. தீர்ப்பு ஜூன் கடைசி நாட்களில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், எந்த நாள் என்று தெரியாது. அதனால் தீர்ப்பு வரக்கூடிய ஒவ்வொரு காலையும் மக்கள் ஸ்காடஸ்பிளாக்கில் நிமிடத்துக்கு நிமிடம் எழுதப்படும் நேரலைப் பதிவில் வந்து காத்திருந்தார்கள். கூட்டம் எப்படியும் வரும் என்று கணித்து, நேரலைக்குத் தனிச் சேவையும் கூடுதல் சர்வர்களும் முன்பே ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தக் காலையில் தளத்தை முடக்க வெளியிலிருந்து தாக்குதல் முயற்சியும் நடந்தது, தளம் விழவில்லை. நீதிமன்றத்தின் சொந்த இணையதளம் கூட்டம் தாங்காமல் திணறியது. தீர்ப்பை மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா என்று நீதிமன்றத்திடம் இவர்கள் முன்பே கேட்டிருந்தார்கள், மறுத்துவிட்டார்கள். ஆக, காகிதம்தான்.

நிருபர் அறையில் தீர்ப்புப் பிரதி கைக்கு வருகிறது. எதிர்க்கருத்துகளோடு சேர்த்து 190 பக்கத்துக்கு மேல். முன்னால் இருக்கும் சுருக்கத்தின் முதல் பகுதியில், வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் மக்களைக் காப்பீடு வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சொல்கிறார். இன்னும் கொஞ்சம் தள்ளி, ஆனால் வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் இது செல்லும் என்கிறார். ஐந்துக்கு நான்கு. சட்டம் பிழைத்தது.

சி.என்.என்., ஃபாக்ஸ் நியூஸ் இரண்டும் முதல் பகுதியைப் பார்த்துவிட்டு, காப்பீடு வாங்கும் கட்டாயம் ரத்து என்று திரையில் போட்டன. ஓவல் அலுவலகத்துக்கு வெளியே டிவி பார்த்துக்கொண்டிருந்த ஒபாமா சில நிமிடம் தோற்றுவிட்டோம் என்றே நினைத்தார். வெள்ளை மாளிகைச் சட்ட ஆலோசகர் கேத்ரின் ரெம்லர் வந்து இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டினார். அவருக்கு விஷயம் தெரிந்தது நீதிமன்றத்தில் இருந்த ஒரு வழக்கறிஞர் மூலமும் ஸ்காடஸ்பிளாக் மூலமும்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஸ்காடஸ்பிளாக் எல்லோரையும் முந்தியது என்று சேர்த்துச் சொல்வார்கள். அப்படி இல்லை. ஓரிரு செய்தி நிறுவனங்கள் இவர்களுக்கும் சற்று முன்பே சரியாகச் சொல்லிவிட்டன. இவர்கள் செய்தது வேறு. இரண்டு பக்கம் கூடுதலாகப் படித்தார்கள். வணிக அதிகாரம் இல்லை என்றால் வரி அதிகாரம் என்ன ஆனது என்ற கேள்வி அவர்கள் மனதில் ஏற்கெனவே இருந்தது, ஏனென்றால் அந்த வழக்கின் எல்லா வாதங்களையும் மாதக்கணக்காக அவர்களே தொகுத்துப் போட்டவர்கள். டிவிக்காரர்களிடமும் திறமையான சட்ட நிருபர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே நொடிக்கணக்கு, அரங்கில் தொகுப்பாளர் காத்துக்கொண்டிருக்கிறார், காதில் ஒரு குரல் என்ன தீர்ப்பு என்று கத்துகிறது. இங்கே அந்த நெருக்கடியைக் குறைவாக வைத்துக்கொள்ளும் உரிமை அவர்கள் கையிலேயே இருந்தது.

அந்த நேரத்தில் நேரலையை ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். பிறகு கோல்ட்ஸ்டீன் அந்தக் காலையின் சில நிமிடங்களை மட்டும் எடுத்து, எந்த நொடியில் யார் என்ன சொன்னார்கள், சி.என்.என்.னில் எந்த இடத்தில் பிசகியது என்று ஆட்களிடம் விசாரித்து நீண்ட பதிவு ஒன்று எழுதினார். யாரையும் நக்கல் செய்யாமல். அந்தப் பதிவு தளத்துக்குப் பெற்றுத் தந்த மரியாதை அன்றைய நேரலைக்குக் குறைந்தது இல்லை. 2013இல், ஊடகங்களுக்கான பெரிய அமெரிக்க விருதுகளில் ஒன்றான பீபடி விருது கிடைத்தது, அந்த விருதைப் பெற்ற முதல் வலைப்பதிவு.

வளர்ச்சிக் கோணத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின் நடந்தது. அந்த 8 லட்சம் பேரில் பெரும்பாலோர் அடுத்த வாரம் வரவில்லை, வரவும் மாட்டார்கள். ஜூலையில் நீதிமன்றமே விடுமுறை. பல வலைப்பதிவுகள் இப்படி ஒரு நாள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அதே கூட்டத்தைத் தினமும் வரவழைக்கத் தலைகீழாக நிற்கும், கண்டதையும் எழுதும். இவர்கள் அக்டோபரில் பழையபடி வரிச் சட்ட வழக்குக்கு அறிமுகம் எழுதினார்கள். பெரிய தீர்ப்பு என்றால் இங்கே போக வேண்டும் என்ற ஞாபகம் மட்டும் மக்களிடம் தங்கியது. 2015 ஜூனில் ஒருபால் திருமணத் தீர்ப்பு, 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு, இரண்டு நாளும் கூட்டம் தானாக வந்தது.

நிருபர் இல்லை என்றார்கள்

2014இல் ஒரு அடி விழுந்தது. அமெரிக்க செனட்டின் பத்திரிகையாளர் அங்கீகாரத்தை முடிவு செய்வது நிருபர்களைக் கொண்ட ஒரு குழு. ஸ்காடஸ்பிளாக்குக்கு அங்கீகாரம் தர அந்தக் குழு மறுத்தது, மேல்முறையீட்டையும் ஜூனில் தள்ளுபடி செய்தது. காரணம் சுருக்கமாக இதுதான்: தளத்தை நடத்துபவர் அதே நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர், அதனால் தளம் அவருடைய தொழிலிலிருந்து தனித்து நிற்பதாகச் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றத்திலும் தளத்துக்கென்று இடம் இல்லை. டென்னிஸ்டன் உள்ளே உட்கார்ந்தது பாஸ்டனின் டபிள்யூ.பி.யூ.ஆர். வானொலிக்கும் செய்தி தருபவர் என்ற முறையில்.

பீபடி வாங்கிய தளத்துக்கு நிருபர் அட்டை இல்லையா என்று அப்போது நிறையப் பேர் கொதித்தார்கள். எனக்கு அந்தக் குழுவின் வாதத்தில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கு என்றால் பதிவின் கீழே அதைத் தெளிவாகக் குறிப்பிடும் வழக்கம் இருந்தது, அந்த வழக்குகளை வேறு ஆட்கள் எழுதினார்கள், எல்லாம் சரி. ஆனாலும் நாளை ஒரு நீதிபதி முன் நின்று வாதாட வேண்டியவர், இன்று அந்த நீதிபதியைப் பற்றிக் கடுமையான செய்தி ஒன்றைத் தன் தளத்தில் தேடிப் போடுவாரா? போட மாட்டார் என்று சந்தேகப்பட யாருக்கும் உரிமை உண்டு. யாருடைய கையில் தளம் இருந்ததோ, அவருடைய தொழில்தான் தளத்தின் எல்லையையும் போட்டது.

அதே ஜூன் மாதம் 30ஆம் தேதி ஹாபி லாபி வழக்கின் தீர்ப்பு வந்தது, ஊழியர்களின் கருத்தடைச் செலவைக் காப்பீட்டில் சேர்க்க மதநம்பிக்கை காரணமாக மறுக்கும் குடும்ப நிறுவனங்களுக்குச் சாதகமாக. கோபமடைந்தவர்கள் ட்விட்டரில் ஸ்காடஸ்பிளாக் கணக்கைப் பிடித்துத் திட்டித் தீர்த்தார்கள், அதுதான் உச்ச நீதிமன்றத்தின் கணக்கு என்று நினைத்துக்கொண்டு. தளத்துக்காரர்கள் அதற்கெல்லாம் கிண்டலாகப் பதில் போட்டார்கள், அன்றைக்கு இணையமே அதைப் படித்துச் சிரித்தது. நிருபர்கள் குழு பத்திரிகை என்று ஏற்காத தளத்தை ஜனங்கள் நீதிமன்றம் என்றே ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

எட்டாத இடங்கள்

இந்தத் தளத்தைப் புகழ்ந்து எழுதும் பலரும் விட்டுவிடும் ஒரு விஷயம். கடந்த சில வருடங்களில் அந்த நீதிமன்றத்தைப் பற்றி வந்த மிகப் பெரிய இரண்டு செய்திகள் இங்கே வரவில்லை. கருக்கலைப்புத் தீர்ப்பின் வரைவு 2022 மே 2 அன்று பொலிட்டிகோ என்ற செய்தித் தளத்தில் கசிந்தது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் ஒரு கோடீஸ்வரரின் செலவில் போன சொகுசுப் பயணங்களை 2023இல் வெளிக்கொண்டு வந்தது புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம். இருபது வருடமாக ஒன்பது பேரை மட்டுமே கவனித்த தளம், அந்த ஒன்பது பேரின் சட்டைப் பையை ஒருநாளும் தடவிப் பார்க்கவில்லை. காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் அவர்கள் வேலை, காகிதத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்பது இல்லை. அது தேர்வு என்று அவர்கள் சொல்லலாம். எனக்குக் குறையாகத்தான் தெரிகிறது.

பழைய அனுகூலங்களும் ஒவ்வொன்றாகக் கரைந்தன. 2017க்குப் பிறகு ஆவணங்களை நீதிமன்றமே போடுகிறது. 2020 மே மாதம், கோவிட் காலத்தில், விசாரணைகளின் நேரடி ஒலிபரப்பு தொடங்கி இன்றுவரை நிற்கவில்லை. தீர்ப்புகள் இணையத்தில் உடனே ஏறுகின்றன. வேறொரு தளமாக இருந்தால் இதோடு காலி. இங்கே மிஞ்சியது ஒழுங்குபடுத்தி வைத்த பழைய பதிவேடும், படித்து விளக்கும் ஆட்களும், தினமும் வந்து பழகிய வாசகர்களும். அது போதுமானதாக இருந்திருக்கிறது.

அப்புறம் அந்த ஒற்றை உரிமையாளர் விஷயம். 2023இல் கோல்ட்ஸ்டீன் உச்ச நீதிமன்ற வாதத்திலிருந்து ஓய்வு பெற்றார். 2025 ஜனவரியில் அமெரிக்க அரசுத் தரப்பு அவர் மேல் வரி ஏய்ப்பு உள்ளிட்ட குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது, பெரும் பணம் வைத்து ஆடிய போக்கர் ஆட்டங்களோடு தொடர்புபடுத்தி. நீதிமன்றச் செய்தியை வாழ்நாள் வேலையாகக் கொண்டவரே நீதிமன்றச் செய்தியானார். நிறுவனரின் பெயரிலேயே நிற்கும் வலைப்பதிவுகள் இப்படி ஒரு நாளில் சரிந்துவிடும். ஸ்காடஸ்பிளாக் சரியவில்லை, ஏனென்றால் வாசகர் அங்கே வந்தது கோல்ட்ஸ்டீனைப் படிக்க இல்லை, வழக்கைப் படிக்க. வழக்குப் பக்கங்கள் வழக்கம்போல் ஏறிக்கொண்டிருந்தன, ஏமி ஹோ எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த ஏப்ரலில் த டிஸ்பாட்ச் என்ற செய்தி நிறுவனம் தளத்தை வாங்கியது. 2019இல் ஸ்டீவ் ஹேய்ஸ், ஜோனா கோல்ட்பெர்க் ஆகியோர் தொடங்கிய, வலதுசாரிப் பின்னணி கொண்ட நிறுவனம் அது, அதன் வருமானத்துக்கு முதுகெலும்பு சந்தா. இருபத்து மூன்றாவது வருடத்தில் முதல்முறையாக ஸ்காடஸ்பிளாக்கின் உரிமை, அந்த நீதிமன்றத்தில் வழக்கு நடத்துவதைத் தொழிலாகக் கொண்டிராத ஒரு நிறுவனத்தின் கையில். 2014இல் சொன்ன காரணம் இனி இல்லை, அதற்குப் பதில் அரசியல் சாய்வு வருமா என்ற புதுக் கேள்வி வந்திருக்கிறது. யாரும் படிக்காத வரி வழக்குக்கும் அறிமுகப் பதிவு போடும் பழக்கம் புது நிர்வாகத்தில் எத்தனை நாள் தொடர்கிறது என்பதை வைத்துத்தான் நான் அவர்களை எடைபோடுவேன்.